நேரு வீதி இரைச்சலுக்கு நடுவே ஒரு மௌன முற்றம்: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போக முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி போய் வந்தவர்களிடம் ஆசிரமத்துக்குப் போனீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் "போனோம், பார்த்தோம், வந்துட்டோம்" என்றுதான் பதில் வரும். என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. கடலூரிலிருந்து வேன் எடுத்துப் போன குழுப் பயணம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பதினொன்றரை மணிக்கு வாசலில் இறக்கிவிட்டு, பன்னிரண்டுக்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செருப்பை விட்டு, வரிசையில் நகர்ந்து, சமாதியைத் தொட்டுக் கும்பிட்டு வெளியே வந்தபோது, உள்ளே இருந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. பளிங்கும் பூவும் கண்ணில் நின்றன. வேறு எதுவும் மனதில் ஒட்டவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல் போனேன். அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே பார்ப்பதற்கு என்று அதிகம் இல்லை. உட்கார வேண்டும். உட்காராமல் திரும்பினால் பாதி வழியில் திரும்பியது போலத்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்கு எடுத்துத் தருவதற்காகத்தான்.

எந்த நாள், எந்த நேரம்

பார்வையாளர்களுக்குக் காலை 8 மணி முதல் 12 வரையும், பிற்பகல் 2 மணி முதல் 6 வரையும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சென்னையும் பெங்களூரும் சேர்ந்து இறங்கும் நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட்டும் விரிந்துவிடும். அதைக் கடந்து வருவதற்குள்ளேயே களைத்துப்போவோம். செவ்வாய், புதன் போன்ற வார நாளில் காலை எட்டரை மணி என் தேர்வு. அன்றைய பூ அலங்காரம் வாடாமல் இருக்கும், வெயிலும் முற்றத்துக்குள் முழுதாக இறங்கியிருக்காது. அது முடியாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். மத்தியானம் 12 முதல் 2 வரை மூடியிருப்பது தெரியாமல் வந்து, வாசலில் வெயிலில் நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

தரிசன நாட்கள் தனிக் கணக்கு. பிப்ரவரி 21, அரவிந்தரோடு சேர்ந்து ஆசிரமத்தை நடத்திய அன்னையின் பிறந்தநாள். ஏப்ரல் 24, அவர் 1920இல் புதுச்சேரிக்கே நிரந்தரமாக வந்து சேர்ந்த நாள். ஆகஸ்ட் 15 ஸ்ரீ அரவிந்தரின் பிறந்தநாள். நவம்பர் 24 சித்தி நாள், 1926இல் அரவிந்தர் யோக சித்தி பெற்றதாகக் கொண்டாடும் நாள். நாட்டுக்கு விடுதலை வந்த ஆகஸ்ட் 15ஆம் தேதியே அவர் பிறந்த தேதியாகவும் அமைந்தது. 1947இல் அன்றைக்கு அவருக்கு 75 வயது நிறைந்தது. இந்த நாட்களில் அரவிந்தர் வாழ்ந்த மாடி அறையைப் பார்க்க, வெளியூர்களிலிருந்து அன்பர்கள் வந்து நீண்ட வரிசையில் நிற்பார்கள். பக்தியோடு போகிறவர்களுக்கு அது பெரிய நாள்தான். அமைதியைத் தேடி முதல் தடவை போகிறவர்கள் வேறொரு நாளைப் பாருங்கள்.

கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு

கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். மறைமலையடிகள் சாலையில் உள்ள பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஆசிரமம் இரண்டரை கிலோமீட்டர் போல. ஆட்டோவில் வந்துவிடலாம். ஆனால் காலில் தெம்பு இருந்தால் நேரு வீதி வழியாக நடந்து வாருங்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. நேரு வீதியின் ஹாரன், துணிக்கடை வாசலில் நின்று கூப்பிடுகிற குரல்கள், பெரிய மார்க்கெட்டிலிருந்து வருகிற பூ வாசமும் மீன் வாசமும், எல்லாவற்றையும் கடந்துதான் பெரிய வாய்க்காலுக்கு வருகிறீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஊரை இரண்டாகப் பிரித்த வாய்க்கால் இதுதான். மேற்கே தமிழர் பகுதி, கிழக்கே கடல் வரைக்கும் வெள்ளையர் பகுதி. அதைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் வீதி அகலமாகத் தெரியும், சத்தம் குறையும், சாம்பலும் வெள்ளையும் பூசிய மதில்கள் வரத் தொடங்கும். அந்த நிறம் ஆசிரமக் கட்டடங்களின் அடையாளம். கண்ணில் பட்டதும் நீங்களே குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள்.

வழி கேட்பதானால் மணக்குள விநாயகர் கோயிலைக் கேளுங்கள், தெரியாதவர்களே கிடையாது. அங்கிருந்து மரைன் வீதியில் உள்ள ஆசிரம வாசல் சில நிமிட நடைதான். அம்மா பிள்ளையாரைக் கும்பிடாமல் நகர மாட்டார் என்பதால் நாங்கள் முதலில் கோயிலுக்குப் போனோம். அதுவே நல்ல வரிசை என்று இப்போது தோன்றுகிறது. கோயிலில் கூட்டம், மணியோசை, தேங்காய் உடைபடும் சத்தம் எல்லாம் முடித்துவிட்டு வந்தால் முற்றத்தின் அமைதி இன்னும் நன்றாகத் தெரியும். திருப்பிச் செய்தால் உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் அந்தக் கூட்டத்தில் கலைந்துபோகும்.

கிளம்பும் முன்

கையை வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பை, சாப்பாட்டு மூட்டை, வாங்கிய துணிமணி இருந்தால் தங்கும் இடத்திலோ வண்டியிலோ வைத்துவிடுங்கள். பூ கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடைக்குத் தனியாகக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும், நம் ஊர்க் கோயிலுக்கு உடுத்துவது போல உடுத்திப் போனால் உட்கார்ந்து எழுவதற்கும் சௌகரியம்.

3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இதை வாசலில் தெரிந்துகொண்டு மனம் வருந்துவதைவிட முன்பே திட்டமிடலாம். பாரதி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் அங்கே குழந்தையை வைத்துக்கொள்ள, மற்றவர் போய்வரலாம். பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியை வைப்ரேட்டில் போடாதீர்கள், அணைத்துவிடுங்கள். அந்த நிசப்தத்தில் இடுப்புப் பையில் அதிர்கிற சத்தம்கூட நாலு பேருக்குக் கேட்கும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. இந்த விதிக்கு நான் மனதார நன்றி சொல்வேன். படம் எடுக்கலாம் என்றால் அந்த முற்றம் ஒரு வாரத்தில் வேறு இடமாகிவிடும்.

வாசலும் நடையும்

செருப்பு வைக்குமிடம் உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை. உள்ளே நுழைந்ததும் செடிகளும் பூந்தொட்டிகளும் நெருங்கிய ஒரு நடை. அங்கங்கே தன்னார்வலர்கள் நிற்பார்கள். விரலை உதட்டில் வைத்தோ கையைக் காட்டியோ வழி சொல்வார்கள். சிலர் இதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். வருகிற எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய ஒன்றைத்தான் அவர்கள் காவல் காக்கிறார்கள்.

இந்த நடையில் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகிறவரை முந்த வேண்டாம். பத்துப் பதினைந்து அடி நிதானமாக நடந்தாலே மூச்சும் அதற்கு ஏற்ப இறங்கிவிடும்.

முற்றம்

நடை முடிந்து திரும்பினால் வீடுகள் சூழ்ந்த முற்றம். நடுவில் வெள்ளைப் பளிங்குச் சமாதி, அதன்மேல் பூக்கள், பக்கத்தில் ஊதுபத்தி. எல்லாவற்றுக்கும் மேலே குடை விரித்தது போல ஒரு மரம்.

1950 டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். 9ஆம் தேதிதான் அவர் உடலை இங்கே வைத்தார்கள். புதுச்சேரி அப்போது இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1973 நவம்பர் 17இல் அன்னை மறைந்தபோது, அதே சமாதியின் மேல் அறையில் அவரை வைத்தார்கள். ஒரே சமாதியில் கீழும் மேலுமாக இரண்டு அறைகள்.

இப்போது தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள். ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து, பக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் சில வாரம் மறைந்திருந்துவிட்டு, கப்பலில் வந்து இந்த ஊரில் இறங்கினார். விடுதலைப் போராட்டத்தில் இருந்த அவரை ஆங்கில அரசு தேடிக்கொண்டிருந்த காலம். பாரதியார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதே காரணத்துக்காக இங்கே வந்திருந்தார். அரவிந்தர் முதலில் தங்கியது கோமுட்டித் தெருவில் சங்கர செட்டியார் வீட்டில். பிறகு ஒவ்வொரு வீடாக மாறினார். 1926 நவம்பர் 24க்குப் பிறகு தனிமைக்குள் போனார். ஆசிரமம் தொடங்கிய நாளாகவும் அதையே சொல்கிறார்கள். 1927 தொடக்கத்தில் இந்த மாடி அறைகளுக்கு வந்தவர், கடைசி மூச்சு வரை 23 ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் அன்பர்களுக்குத் தரிசனம் தந்தார். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பாருங்கள். இங்கே உள்ள அமைதி சுற்றுலாவுக்காக உண்டாக்கியது இல்லை. மேலே ஒருவர் தவத்தில் இருக்கிறார் என்று கீழே நடந்தவர்கள் அடி மெதுவாக எடுத்து வைத்தார்களே, அந்தப் பழக்கம் இன்னும் விடாமல் தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சியில் நாமும் ஒரு மணி நேரம் சேர்ந்துகொள்கிறோம்.

சமாதிக்கு அருகே போகிறவர்கள் மண்டியிட்டு, பளிங்கின் ஓரத்தில் கையோ நெற்றியோ வைத்து வணங்குவார்கள். உங்களுக்கு அது பழக்கம் இல்லையென்றால் நின்று கைகூப்பினால் போதும். பின்னால் ஆட்கள் இருந்தால் நீண்ட நேரம் அங்கேயே தங்காதீர்கள். உட்காருவதற்கு முற்றம் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு, தீபாராதனை, பிரசாதம் எதுவும் கிடையாது. எந்த மதத்தவரும் வரலாம்.

பூ அலங்காரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். தினமும் ஆசிரமவாசிகள் புதிதாக அடுக்குகிறார்கள். நாங்கள் போன அன்று வெள்ளைப் பூக்களை நெருக்கமாகப் பரப்பி, அதன் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக வரிசை பிடித்திருந்தார்கள். ஒரு காம்பும் வெளியே தெரியவில்லை. வாசலில் இழைக்கோலம் போடுகிற கைக்குத்தான் அந்த ஒழுங்கு வரும். அம்மா அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

உட்காருவது

இதுதான் முக்கியமான படி. இதற்கு நாற்பது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

போகிற வழியை மறிக்காமல், சமாதியிலிருந்து சற்றுத் தள்ளி, சுவர் ஓரமாக இடம் பாருங்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் தன்னார்வலரிடம் சைகையில் கேட்டால் வசதியான இடம் காட்டுவார்கள். தியானம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. கண்ணை மூடித்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அம்மா திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவர். பாடலீஸ்வரர் கோயில் மணிச் சத்தத்தில்தான் அவருக்குப் பொழுது விடியும். கொஞ்ச நேரம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "கற்பூரம் காட்ட மாட்டாங்களாப்பா?" என்றார். "இல்லம்மா, இங்க அதெல்லாம் கிடையாது. சும்மா உட்காரும்மா" என்றேன். புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

முதல் பத்து நிமிடம் யாருக்கும் கஷ்டம்தான். காஸை அணைத்தோமா, பஸ் எத்தனை மணிக்கு, காலில் கொசு என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். எழுந்துவிடலாம் என்று தோன்றும் நேரமும் அதுதான். எழுந்துவிடாதீர்கள். பதினைந்தாவது நிமிடம் போல, இதுவரை கேட்காத சத்தங்கள் கேட்க ஆரம்பிக்கும். மரத்தில் அணில், யாரோ வெறுங்காலோடு நடந்து போவது, வெகு தூரத்தில் ஒரு ஆட்டோ ஹாரன். ஊர் எங்கேயும் போகவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

மரத்தையும் பாருங்கள். தமிழில் இயல்வாகை என்றும் பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களிலும் நிற்கிற மரம்தான். கோடையில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்கு அவற்றின் குணம் பார்த்துப் பெயர் வைத்தவர். இந்த மஞ்சள் பூவுக்கு அவர் வைத்த பெயர் சேவை. அம்மாவின் மடியில் ஒரு பூ விழுந்தது. இதழ் மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்தது போலச் சுருங்கி இருந்தது. கீழே துரு நிறத்தில் காம்பு. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டவர், நாங்கள் எழுந்திருக்கும் வரை அப்படியே வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னது இது: "சும்மா இருக்கறது இவ்ளோ கஷ்டம்னு தெரியாமப் போச்சு. ஆனா கடைசில நல்லா இருந்துச்சுப்பா."

புறப்படும்போது

வெளியேறும் பக்கத்தில் புத்தகங்கள் விற்கும் அறை உண்டு, தமிழிலும் கிடைக்கும். சிறிய புத்தகம் ஒன்றை வாங்கினால் போதும், தடிமனான நூல்களை முதல் நாளே தூக்க வேண்டாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இது நாம் அறிந்த சைவ மடம் போன்றது இல்லை. காவி உடை இல்லை, பட்டம் கட்டுவது இல்லை. உலகத்தைவிட்டு ஓடாமல், செய்கிற வேலையையே யோகமாக ஆக்குவதுதான் இங்குள்ள வழி. அதனால் ஆசிரமவாசிகள் ஒரே மதிலுக்குள் அடைந்திருக்கவும் இல்லை. அச்சகம், தையல், சமையற்கூடம், பள்ளி, கையால் காகிதம் செய்யும் தொழிற்கூடம் என்று ஊர் முழுக்கப் பரவி வேலை செய்கிறார்கள். சைக்கிளில் போகிற ஒரு வயதானவரை எந்த வீதியிலும் பார்ப்பீர்கள். அவர் ஆசிரமத்தவராக இருக்கலாம்.

நேரம் மிச்சம் இருந்தால்

கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் துய்ப்பே வீதியில் உள்ள கோல்கொண்டாவின் வெளிப்புறத்தையாவது பார்க்க வேண்டும். ஆசிரமத்தின் விருந்தினர் இல்லம் அது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்த 1 லட்சம் ரூபாயில் தொடங்கியது. கோல்கொண்டா ஹைதராபாத் பக்கத்துக் கோட்டை, அதனால்தான் அந்தப் பெயர். டோக்கியோவில் இருந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்த திட்டம். அவரோடு வேலை செய்த ஃபிரான்டிசெக் சாம்மரும் ஜார்ஜ் நாகஷிமாவும் இங்கேயே வந்து தங்கி, ஆசிரமவாசிகளை வைத்துக் கட்டினார்கள். 1930களின் கடைசியில் இந்தியாவில் இப்படி ஒரு கான்கிரீட் கட்டடம் புதுமை. இரண்டு பக்கமும் ஜன்னலே இல்லாமல், வரிசை வரிசையாகத் திருப்பக்கூடிய கான்கிரீட் பலகைகள். வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். கதவு, ஜன்னல் பலகைகளுக்கான பித்தளைப் பாகங்களை, அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். நம் பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா போன்ற ஒன்று அங்கே தாழ்ப்பாளாக இருக்கக்கூடும் என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழும். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று வற்புறுத்தாதீர்கள். உள்ளே ஆட்கள் தங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு இடம், தூமா வீதியில் உள்ள கப்ஸ் கோயில். கப்புச்சின் துறவிகள் வைத்திருந்த கோயில் என்பதால் மக்கள் வாயில் கப்ஸ் ஆகிவிட்டது. 1855இல் கட்டி முடித்த இப்போதைய தேவாலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் பூசை நடக்கும். பூசை இல்லாத நேரத்தில் பின் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கேயும் நல்ல அமைதி. ஆனால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட வேண்டாம்.

மாலையில் ஆசிரமம் போகிறவர்கள் ஆறு மணி ஆவதற்குள் எழுந்து, செருப்பை எடுத்துக்கொண்டு, நேரே கடற்கரைச் சாலைக்கு நடங்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையைத் தாண்டினால் பாறைக் கற்களுக்கு இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கும். கைப்பேசியை உடனே போடாதீர்கள். சுண்டல் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், அலைச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள், அப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்பலாம்; கடலூருக்கு இரவிலும் வண்டி இருக்கிறது.